நாற்பத்தியொரு நாள் மூச்சு

கல்லூத்து தபாலாபீசில் வேலை பார்த்த பேச்சியம்மாளுக்கு அப்போது நாற்பத்தியேழு வயது, இடது முட்டியில் ஒரு பூரான் நீளத்துக்குத் தையல் தழும்பு, குடியிருப்பு ஒரு மாடி வீட்டில் தன்னந்தனியாக. தை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் அரசுப் பள்ளி மைதானத்தில் நடந்துகொண்டிருந்தபோது அவள் பிடித்த ஒரு மூச்சு நாற்பத்தியொரு நாள் முடியவில்லை.

ஒரு காலத்தில் அவள் கபடி ஆடியவள். மாவட்டத்துக்கு ஆடி, மாநிலத்துக்கு ஆடி, அந்த ஆட்டத்துக்காகவே தபால் துறையில் வேலை கிடைத்து, துறைக்காகவும் பதினோரு வருடம் ஆடி, முப்பத்தாறு வயதில் நிறுத்திக்கொண்டவள். ஆட்டம் நின்றதே தவிர உடம்பு நிற்கவில்லை, காலை நாலரை மணிக்கு அது தானாக எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்து ‘எங்கே போகணும்’ என்று கேட்டது, போவதற்கு ஓரிடமும் இல்லாததால் அவள் மாடிப்படியை நாற்பது தடவை ஏறி இறங்கினாள், கயிறு தாண்டினாள், இரண்டு குடம் தண்ணீரை இரண்டு கையிலும் தூக்கி வைத்து இறக்கினாள், கல்யாணம் செய்துகொள்ளவும் மறந்துபோனாள். எத்தனையோ பேர் மேலே விழுந்து அமுக்கியபோதெல்லாம் தப்பித்த முட்டி, மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பேருந்திலிருந்து இறங்கும்போது கிழிந்தது. வைத்தியம் பார்த்த டாக்டர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “நடங்கம்மா, நடந்தா போதும். ஓடுறது, குதிக்கிறது, யாரையாவது தொட்டுட்டு வர்றது, இதெல்லாம் இனி வேண்டாம்.”

அதன்பிறகு அவள் நடந்தாள். தினமும் மைதானத்தை எட்டுச் சுற்று. யாரையும் தொடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பள்ளி விளையாட்டு விழாவுக்காக யாரோ முந்தின நாள் சுண்ணாம்புப் பொடியால் கபடிக் கட்டம் போட்டிருந்தார்கள். சுற்றிப் போகாமல் குறுக்கே நடந்தவள் நடுக்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததும், பழக்கத்தில் நெஞ்சு ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது, வாய் பாடத் தொடங்கியது. கபடி, கபடி, கபடி. நல்லா ஆடிய நாளிலேயே அவள் மூச்சு முப்பத்தைந்து விநாடிதான் நிற்கும், ஆகவே முடியட்டும் என்று பாடிக்கொண்டே சுவர் வரை போனாள், முடியவில்லை, திரும்பி வந்தாள், முடியவில்லை, வாசலைத் தாண்டி, பேருந்து நிலையத்தைத் தாண்டி, மீன் கடைகளைத் தாண்டி, படியேறி வீட்டுக்கு வந்து குளித்துச் சேலை மாற்றி, கஞ்சியை ஒவ்வொரு கபடிக்கும் நடுவில் ஒவ்வொரு வாயாக விழுங்கி முடித்தபோதும் அதே மூச்சு அப்படியே நெஞ்சுக்குள் இருந்தது. பத்து மணிக்கு வேலைக்குப் போனாள்.

போஸ்ட்மாஸ்டர் சையது இப்ராகிம் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“என்ன பேச்சியம்மா, தொண்டை சரியில்லையா?”

அவள் ஒரு பழைய படிவத்தின் பின்னால் எழுதிக் காட்டினாள்: ‘மூச்சு இன்னும் முடியல சார். முடிஞ்சதும் பேசறேன்.’

அவர் அதை இரண்டு முறை வாசித்தார். “சரி. அப்ப கவுண்டர்ல ஒரு சிலேட்டு வெச்சுக்கோங்க. ரெஜிஸ்டர் தபால் எடைய எழுதிக் காட்டணும்ல” என்றார்.

இப்படியாக அந்த ஊர் அவள் மூச்சை ஏற்றுக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ‘மூச்சு: போய்க்கொண்டிருக்கிறது’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்துப் போனார். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் கொண்டுவந்து ஓடவிட்ட ஸ்டாப்வாட்ச் மூன்றாம் நாள் பேட்டரி தீர்ந்து நின்றது, மூச்சு நிற்கவில்லை. அவள் நடந்து போகும்போது அந்தக் கபடியின் தாளம் காலுக்கு வாகாக இருக்கிறதென்று முதலில் இரண்டு சர்க்கரை நோயாளிகள் பின்னால் சேர்ந்தார்கள், அப்புறம் அவர்களின் சம்பந்திகள், அப்புறம் ஜவுளிக்கடை தங்கராசு, இருபதாம் நாளில் எழுபது பேர் ஆனார்கள், பேருந்து ஓட்டுநர்கள் ஹாரன் அடிக்காமல் அந்தக் கூட்டத்துக்கு ஒதுங்கி நின்றார்கள். தூக்கத்திலும் அவள் உதடு பாடிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்கார கனகம், “எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன் பேச்சி, மேல ஒரு மனுசச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குல்ல” என்று சொல்லித் தினமும் ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து வைத்தாள்.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கவுண்டரில் ‘ஒரு கவர் குடுங்க’ என்பதற்கு மேல் அவளோடு பேசாத ஊர், அவளால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தது. தன் மகன் துபாயில் வேலையில் இல்லை, சிறையில் இருக்கிறான் என்று ஒருவர் சொன்னார். தங்கையின் வளையலைத் தான்தான் எடுத்ததாகவும், அந்தப் பழியைச் சுமத்தி வேலைக்காரியை அடித்துத் துரத்திய பிறகு வளையலை ஆற்றில் போட்டுவிட்டதாகவும் ஓர் அம்மாள் சொன்னாள். சாமி கும்பிடும்போது தனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை என்று பூசாரி சொன்னார். காலையில் நடக்கும்போது ஒவ்வொருவராக முன்னேறி வந்து அவளுக்குப் பக்கத்தில் நாலெட்டு நடந்து, காதுக்கருகில் சொல்லிவிட்டு, முகம் தெளிந்து பின்னால் போனார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பாடினாள். ‘நீ எப்படி இருக்க?’ என்று அவளை யாரும் கேட்கவில்லை, பதில் சொல்ல முடியாதவளிடம் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்திருக்கலாம்.

மூச்சை விட்டுவிட்டு வேறு மூச்சு இழுத்திருக்கலாமே என்றால், அவளுக்குப் பயம். எதிர்க்கட்டத்தில் மூச்சு விட்டால் ஆள் அவுட், அது அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து தெரிந்த சட்டம். இப்போது தான் நிற்பது எந்தக் கட்டம், தன் கட்டத்துக்குத் திரும்புகிற கோடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தவிர, அந்த மூச்சு இருக்கும்வரை முட்டி வலிக்கவில்லை. பத்தாம் நாள் காலையில் மைதானத்தில் மெதுவாக ஓடிப் பார்த்தாள், காலை மாற்றிப் பக்கவாட்டில் பாய்ந்து பார்த்தாள், பதினெட்டு வயது முட்டி மாதிரி அது மடங்கி நிமிர்ந்தது, அவள் பாடிக்கொண்டே அழுதாள்.

நாற்பத்தியெட்டாம் நாள் ஒரு மண்டலம் நிறைகிறது, அன்றைக்கு மைதானத்தில் பந்தல் போட்டு மாலை மரியாதை செய்வது என்று தங்கராசு தலைமையில் முடிவானது. இருபது வயதில் அவள் கோப்பையோடு நின்ற படத்தைத் தேடிப் பிடித்துப் பெரிய பிளக்ஸ் அடித்தார்கள். படத்தில் அவளுக்குப் பக்கத்தில் கைகோத்து நின்ற இன்னொரு பெண்ணை, இடம் போதவில்லை என்று வெட்டிவிட்டார்கள்.

அந்த இன்னொரு பெண் நாற்பத்தியோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் பேருந்தில் வந்து இறங்கினாள்.

அவள் பெயர் சகாயமேரி. பதினாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற புதுக்குளத்தில் பள்ளிக்கூடச் சத்துணவு சமைக்கிறவள். ஒரு காலத்தில் பேச்சியம்மாள் ஏறிப்போய்த் தொட்டுவிட்டு வருவாள், எதிரணி ஏறிவந்தால் சகாயமேரி ஓரத்தில் நின்று காலைப் பிடிப்பாள், அவள் பிடித்த காலை எவரும் உருவிக்கொண்டு போனதில்லை. பேச்சியம்மாளுக்கு இருபத்தைந்து வயதானபோது, தபால் துறைக்கு ஆள் எடுக்க வந்த மாதத்தில் சகாயமேரிக்கு முட்டி வீங்கி, மதுரையில் படம் எடுத்து, இங்கிலீஷில் ஒரு தாள் கொடுத்தார்கள். சகாயமேரிக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் வைத்துப் பேச்சியம்மாள்தான் வாசித்துச் சொன்னாள். தசைநார் கிழிந்திருக்கிறது, இனி ஓடினாலோ பாய்ந்தாலோ காலை எடுக்க வேண்டிவரும் என்று சொன்னாள். சகாயமேரி அன்றே ஊருக்குப் போனவள்தான், அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. புதுக்குளத்துக்குப் போகிற தபால் பையைப் பேச்சியம்மாள்தான் இருபத்திரண்டு வருடமாகப் பிரித்து அடுக்கினாள், சகாயமேரி பெயருக்கு வந்தவை மொத்தம் ஆறு, ஆறும் அவளுக்கு நினைவிருந்தன.

எழுபது பேர் பின்னால் வர, பேருந்து நிலையத்து முனையில் பேச்சியம்மாள் திரும்பியபோது சகாயமேரி எதிரில் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. ஆளைப் பார்த்ததும் பேச்சியம்மாளின் கபடி ஒரு கணம் வேகமெடுத்து, பிறகு தாழ்ந்தது. சகாயமேரி அவளோடு சேர்ந்து நடந்தாள். வழக்கம்போல யாரோ மனதிலிருப்பதை இறக்கி வைக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மற்றவர்கள் நாலெட்டுப் பின்வாங்கி இடம் விட்டார்கள்.

“போன மாசம் எங்க ஊர்ல ஒரு முகாம் போட்டாங்க” என்றாள் சகாயமேரி. “சமையக்காரங்க எல்லாரும் உடம்பக் காட்டிக்கணும்னு சொல்லிட்டாங்க. நான் முட்டியக் காட்டினேன். அந்தப் பொண்ணு, டாக்டருப் பொண்ணு, படம் எடுத்துப் பாத்துட்டு, அம்மா உங்க முட்டி கிழிஞ்சதே இல்லையேன்னுச்சு. சின்னப் பிள்ள முட்டி மாதிரி இருக்குங்குது.”

கபடி, கபடி, கபடி.

“நான் வேற ஒண்ணும் கேக்கல, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தத் தாள்ல என்ன போட்டிருந்துச்சு?”

பேச்சியம்மாள் நின்றாள். பின்னால் எழுபது பேரும் நின்றார்கள். அவள் இடுப்பில் செருகியிருந்த சின்ன சிலேட்டை எடுத்தாள், குச்சியை எடுத்தாள். சகாயமேரி அந்தச் சிலேட்டின் மேல் கையை வைத்து மூடினாள்.

“எழுதாத. அன்னைக்கு எழுத்தப் பாத்து வாயால சொன்ன. இன்னைக்கும் வாயாலயே சொல்லு.”

இதைக் கேட்டுவிட்டுத் தங்கராசு வேகமாக முன்னால் வந்தார். “இந்தாம்மா, நீங்க யாரு எவருன்னு தெரியல, அவங்கள பேசவைக்கக் கூடாது. இன்னும் ஏழு நாள்தான் இருக்கு. எதுவா இருந்தாலும் விழா முடிஞ்சு வந்து கேளுங்க.”

“ஏழு நாளா?” என்றாள் சகாயமேரி. “நான் இருபத்திரண்டு வருசம் கேக்காம இருந்திருக்கேன்யா.” அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை. “எட்டேகாலுக்கு எனக்கு பஸ்ஸு” என்று மட்டும் பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டு, நிலையத்துச் சிமெண்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பேச்சியம்மாள் நடுரோட்டில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். கனகம் கூட்டத்துக்குள்ளிருந்து “வேண்டாம் பேச்சி” என்றாள். சர்க்கரைக்காரர் ஒருவர், “கெளம்புங்கக்கா, நடப்போம், வெயில் ஏறுது” என்றார். நெஞ்சுக்குள் அந்த மூச்சு இளமையாக, குறையாமல், இன்னும் நாற்பது வருடத்துக்குக் காணும் போல இருந்தது. முட்டியில் வலியே இல்லை. எட்டேகால் பேருந்து புறப்பட உறுமத் தொடங்கியது, சகாயமேரி எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தாள்.

பேச்சியம்மாள் மூச்சை விட்டாள்.

நாற்பத்தியொரு நாள் உள்ளே இருந்த காற்று வெளியே வந்தபோது பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை, பேருந்து நிலையத்து மண் ஒரு முழம் உயரத்துக்கு எழும்பி அடங்கியது, அவ்வளவுதான். பிறகு அவள் புது மூச்சு இழுத்தாள், அதில் டீசல் வாசமும் மீன் வாசமும் இருந்தன. இடது கால் மடங்க, நாலெட்டு நொண்டிப் போய்ச் சிமெண்டுப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஒண்ணுமே போடலடீ” என்றாள். குரல் கரகரத்து யாருடையதோ போல இருந்தது. “சாதாரண வீக்கம், பத்து நாள்ல சரியாயிரும்னு போட்டிருந்துச்சு. வேலை ஒண்ணுதான் இருந்துச்சு சகாயம். நாம ரெண்டு பேரு இருந்தோம். உன்னையத்தான் எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.”

சகாயமேரி படியில் வைத்த காலை எடுக்கவில்லை. “நான் மாடிப்படி ஏறினதில்ல தெரியுமா” என்றாள். “தண்ணிக்கொடம் தூக்கினதில்ல. எம்பிள்ளைகளை இடுப்புல வெச்சுக்கிட்டு ஓடிப்பிடிச்சு விளையாடினதில்ல. பொம்பளைக கோலாட்டம் ஆடக் கூப்பிட்டா, எனக்கு முட்டி போச்சுன்னு ஓரமா நிப்பேன். எப்ப வலிக்கும், எப்ப வலிக்கும்னு இருபத்திரண்டு வருசம் அதையே பாத்துக்கிட்டிருந்தேன். அது வலிக்கவே இல்லடீ.”

கண்டக்டர், “ஏறுறதுன்னா ஏறுங்கம்மா” என்றார். ஏறினாள். பேருந்து போய்விட்டது.

கல்லூத்து மக்கள் கெட்டவர்கள் இல்லை, அதிசயம் வந்தபோது எப்படி எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்களோ அப்படியே அது போனதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பேசத் தெரிந்த பேச்சியம்மாளிடம் அவர்களுக்கு வேலை இருக்கவில்லை. மறுநாள் காலையில் பின்னால் எழுபது பேருக்குப் பதில் ஐந்து பேர் நடந்தார்கள், அதற்கும் மறுநாள் எவரும் இல்லை. அவளிடம் ரகசியம் சொன்னவர்கள் கவுண்டருக்கு வருவதை விட்டுவிட்டு, தபால் வாங்கப் பிள்ளைகளை அனுப்பினார்கள், எதிரே வந்தால் பார்வையைச் சுவரொட்டிக்குத் திருப்பினார்கள், பூசாரி அவளைக் கண்டதும் கோயில் கதவைச் சாத்தினார். கனகம் ஒரு ரேடியோ வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள், பால் டம்ளர் வரவில்லை. தங்கராசு மட்டும் ஒருநாள் வந்து வருத்தத்தோடு, “ஏழே நாளு தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். பிளக்ஸைக் கழற்றி ஒரு டீக்கடையின் பின்பக்கத்துக்குத் தடுப்பாகக் கட்டினார்கள். இப்ராகிம் சார் சிலேட்டை வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்தார், “பேசுங்க பேச்சியம்மா” என்றார். அவள் புதுக்குளத்துத் தபால் பையைப் பிரிக்கத் தொடங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பந்தல் போட்டிருக்க வேண்டிய நாள், காலை நாலரை மணிக்கு உடம்பு எழுந்து உட்கார்ந்தபோது அது எங்கே போகணும் என்று கேட்கவில்லை. அவள் புதுக்குளம் சாலையில் நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் முட்டி வலித்தது, முதல் மைல்கல்லில் நின்றாள், மூன்றாவதில் உட்கார்ந்தாள், மூச்சு எல்லாரையும் போல இழுத்து இழுத்து வாங்கியது, இரண்டு பேருந்துகள் அவளைத் தாண்டிப் போயின, ஒன்று நின்றும் பார்த்தது. அவள் ஏறவில்லை. புதுக்குளம் போய்ச் சேர்ந்தபோது எட்டரை மணி, சகாயமேரி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அவள் நிமிர்ந்து முதலில் பார்த்தது பேச்சியம்மாளின் முட்டியை. சேலைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது.

“பஸ்ஸு இல்லையா?”

“இருந்துச்சு.”

“பின்ன? எனக்காக நடந்தியாக்கும்.”

பேச்சியம்மாள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். “இல்ல. எனக்காகத்தான்” என்றாள்.

சகாயமேரி கீரையைக் கொஞ்ச நேரம் ஆய்ந்தாள். பிறகு முறத்தை உள்ளே வைத்துவிட்டு, வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல், கண்மாய்க் கரைக்கு நடந்தாள். பேச்சியம்மாள் நொண்டிக்கொண்டு பின்னால் போனாள். மழை நன்றாகப் பெய்த வருடம், கண்மாயில் தண்ணீர் கரை வரைக்கும் நின்றது. கரை மேட்டில் ஒரு புளியமரத்தடியில் சகாயமேரி செருப்பைக் கழற்றினாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். ஒரு காலை ஊன்றி, அதன் மேல் பாரத்தைப் போட்டுப் பார்த்தாள், அடுத்த காலையும் அப்படியே பார்த்தாள்.

“எனக்குப் பயமா இருக்கு” என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

பேச்சியம்மாள் புளியமரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். பயப்படாதே என்று சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

சகாயமேரி ஓடினாள். முதல் பத்தடி ஓட்டமாகவே இல்லை, வேகமாக நடப்பவள் தடுக்கிக்கொண்டது போலத்தான் இருந்தது, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், பிறகு கை பிரிந்தது, தோள் இறங்கியது, நாற்பத்தாறு வயதுப் பொம்பளை ஒருத்தி வெறுங்காலோடு கரைமேல் ஓடுவதை ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மடையைத் தாண்டினாள். அரசமரத்தைத் தாண்டினாள். அக்கரையில் அவள் ஒரு விரல் உயரத்துக்குச் சிறுத்து, கருவேலங்காட்டுக்குப் பின்னால் மறைந்து போனாள். கண்மாயைச் சுற்றி ஒன்றரை மைல் இருக்கும். பேச்சியம்மாள் காலை நீட்டிப் புளியமரத்தடியில் உட்கார்ந்து அந்தக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமாகவே ஊருக்குள் போய்விட ஒரு பாதை இருந்தது. வெகுநேரம் யாரும் வரவில்லை.

பிறகு கரையின் மறுமுனையில் தலை தெரிந்தது. முடி அவிழ்ந்து, ஜாக்கெட் நனைந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு சகாயமேரி வந்தாள். புளியமரத்துக்குப் பக்கத்தில் வரும்போது வேகம் குறைந்தது. பேச்சியம்மாள் எழுந்திருக்கப் போனாள்.

“இன்னும் ஒண்ணு” என்றாள் சகாயமேரி, அவளைப் பார்க்காமல், நிற்காமல், தாண்டிப் போனாள்.

வெயில் ஏறி, நிழல் மரத்தடிக்குச் சுருங்கி வந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாள் எட்டி, சகாயமேரியின் செருப்பு இரண்டையும் வெயிலிலிருந்து எடுத்துத் தனக்குப் பக்கத்தில் நிழலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.